நுவரெலியாவின் மரங்களும் ஒரு தும்மலின் வரலாறும்

உடப்புசல்லாவையில பஸ் ஏறினா ஹல்கரனோயா, ராகலை, கந்தப்பளை என்று ஒரு மலை முடிய இன்னொரு மலை வரும். ஏப்ரல் சீசன் பார்க்க நாங்க நாலு பேர் அப்படித்தான் நுவரெலியாவுக்குக் கிளம்பினோம். கந்தப்பளை தாண்டினதும் கூட்டாளி ஒருத்தன் தும்ம ஆரம்பிச்சான். விக்டோரியா பார்க் வாசலுக்கு வரும்போது அவன் கண் ரெண்டும் சிவந்து, மூக்கு ஒழுகி, பேச்சே வரல.

"இந்தப் பூவெல்லாம்தான்டா காரணம்" என்றான் ஒருத்தன். "பூ இல்லடா, அந்த ஊசி இலை மரம்" என்றான் இன்னொருத்தன். பக்கத்தில நின்ற ஒரு அக்கா, "குளிரு ஒத்துக்கல தம்பி, இஞ்சித் தேத்தண்ணி குடிங்க" என்றார். மூணு பேர், மூணு காரணம். கடைசியில கடையில வாங்கின ஒரு பிரிட்டோன் குளிசையோட கதை முடிஞ்சது.

எனக்கு முடியல. பூவா, மரமா, குளிரா? அதைத் தேடப் போனதில் கிடைத்தது மருத்துவம் மட்டும் இல்லை. இந்த மலையில் யார் எந்த மரத்தை நட்டார்கள், யாருடைய தும்மலை உலகம் நோய் என்று ஏற்றுக்கொண்டது, யாருடைய இருமலை வெறும் சளி என்று தள்ளியது என்ற ஒரு வரலாறும் சேர்ந்தே கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நல்ல காற்றுக்காக ஒரு ஊர்

நுவரெலியா தேயிலைக்காக உண்டான ஊர் அல்ல, காற்றுக்காக உண்டான ஊர். 1816 முதல் 1820 வரை இலங்கையில் இருந்த இராணுவ வைத்தியர் ஜான் டேவி, 1821இல் வெளியிட்ட தன் நூலில் இந்த உயர்ந்த சமவெளியைப் பற்றி எழுதினார். 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் இங்கே தனக்கு ஒரு வீடு கட்டினார். இன்றைய கிராண்ட் ஹோட்டலின் தொடக்கம் அதுதான். கீழ்நாட்டுச் சூட்டிலும் காய்ச்சலிலும் வாடிய வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அதிகாரிகளும் உடம்பைத் தேற்றிக்கொள்ள இங்கே அனுப்பப்பட்டார்கள். 1848இல் வந்து குடியேறிய சாமுவேல் பேக்கர் ஒரு படி மேலே போய், இங்கிலாந்துக் கிராமம் ஒன்றையே இங்கே உருவாக்கப் பார்த்தார். மாடு, விதை, கருவி, ஆட்கள் எல்லாம் கப்பலில் வந்தன.

அந்தக் காலத்து வைத்தியத்தில் காற்றுக்குத்தான் முதலிடம். சதுப்பு நிலத்திலிருந்து கிளம்பும் கெட்ட ஆவிதான் காய்ச்சலைக் கொண்டு வருகிறது என்று நம்பினார்கள். மரம் அந்தக் காற்றைச் சுத்தப்படுத்தும் என்பது அதோடு ஒட்டிய நம்பிக்கை. ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் மரம், மலேரியாவை விரட்டும் என்ற பெயரோடுதான் 19ஆம் நூற்றாண்டில் உலகம் சுற்றியது. ரோம் நகருக்கு வெளியே இருந்த சதுப்பு நிலங்களில்கூட அதை நட்டுப் பார்த்தார்கள்.

1861இல் மலேரியா மருந்தான குவினைனுக்காக சிங்கோனா மரத்தை வளர்க்க ஹக்கல தோட்டம் தொடங்கப்பட்டது. அது பின்னால் தாவரவியல் பூங்காவாக வளர்ந்தது. சைப்ரஸ், ஜப்பானின் கிரிப்டோமேரியா எனக் குளிர்நாட்டு மரங்கள் ஹக்கலையிலும் நுவரெலியா நகரிலும் வேர்விட்டன. 1897இல் விக்டோரியா மகாராணி அரியணை ஏறி 60 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, நுவரெலியாப் பூங்காவுக்கு அவர் பெயர் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே 1897இல்தான் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் ஒரு நுளம்பின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். கெட்ட காற்றுக் கதை அதோடு முடிந்தது. காற்றைச் சுத்தப்படுத்த நட்ட மரங்கள் மட்டும் அப்படியே நின்றன.

இந்தக் கதையில் நம்ம ஆட்கள் எங்கே? காட்டை வெட்டியதும், குழி தோண்டியதும், கன்று நட்டதும் அவர்கள்தான். தமிழ்நாட்டிலிருந்து கோப்பிக்காலத்தில் நடந்து வந்தவர்கள், 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் விழுந்த பிறகு தேயிலைக்கு மாறியவர்கள். 1903–04இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை ஓடத் தொடங்கிய குறுகிய ரயில்பாதை, 'உடப்புசல்லாவை லைன்' என்றே பேர் வாங்கியது. அந்தப் பாதையும் 1940களில் மூடப்பட்டுவிட்டது. நல்ல காற்றுத் தேடி மேலே வந்தவர்களுக்கு பங்களா. மரம் நட்டவர்களுக்கு லயம்.

பட்டம் விட்டுப் பிடித்த மகரந்தம்

டேவி இலங்கையில் இருந்த அதே காலத்தில், 1819இல், லண்டனில் ஜான் பொஸ்டொக் என்ற வைத்தியர் தன் சொந்த நோயைப் பற்றி ஒரு மருத்துவச் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். வருஷா வருஷம் கோடை வந்தால் கண் அரிக்கிறது, மூக்கு ஒழுகுகிறது, மூச்சு இறுகுகிறது. இதுதான் அவர் முறைப்பாடு. காரணம் வெயில் என்று அவர் நினைத்தார். ஊர்ச்சனங்களோ காய்ந்த புல்லின் வாசம் என்று சொன்னார்கள். அதனால் 'வைக்கோல் காய்ச்சல்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் அது காய்ச்சலும் இல்லை, வைக்கோலும் குற்றவாளி இல்லை.

குற்றவாளியைப் பிடித்தவர் மான்செஸ்டர் வைத்தியர் சார்ல்ஸ் பிளாக்லி. அவருக்கும் இதே தொல்லை. தன் உடம்பையே ஆய்வுகூடமாக்கினார். புல்லின் மகரந்தத்தை மூக்கில் வைத்துப் பார்த்தார், தோலைக் கீறித் தேய்த்துப் பார்த்தார். பசை தடவிய கண்ணாடித் தட்டுகளைக் காற்றில் வைத்து, ஒட்டிய மகரந்தத் துகள்களை நுணுக்குக்காட்டியில் ஒவ்வொன்றாக எண்ணினார். தரைக்கு மேலே இருக்கும் காற்றையும் பார்க்க வேண்டுமென்று, அந்தத் தட்டுகளைப் பட்டத்தில் கட்டி ஆயிரம் அடிக்கு மேல் பறக்க விட்டார். அங்கேயும் மகரந்தம் இருந்தது. 1873இல் இதையெல்லாம் நூலாக வெளியிட்டார்.

பிளாக்லி கவனித்த இன்னொரு விஷயம் முக்கியமானது. அவரிடம் வந்த நோயாளிகள் பெரும்பாலும் படித்த, வசதியான ஆட்கள். நாள் முழுக்கப் புல்லுக்குள்ளேயே நிற்கும் விவசாயிகளிடம் இந்த நோய் அரிதாகவே தெரிந்தது. ஆகவே இது மேல்தட்டு நோய் என்று பேராகிவிட்டது. சிலர் பெருமையாகவே சொல்லிக்கொண்டார்கள். அமெரிக்காவில் இந்த நோய்க்காரர்கள் 1874இல் ஒரு சங்கமே அமைத்து, கோடையில் நியூ ஹாம்ப்ஷயர் மலைகளுக்குப் போய்த் தங்கினார்கள். பணம் இருப்பவனுக்கு மூச்சு முட்டினால் மலைக்குப் போகலாம். மலையிலேயே பிறந்து வேலை செய்கிறவனுக்கு மூச்சு முட்டினால் எங்கே போவது?

'ஒவ்வாமை' என்பதற்கான 'அலர்ஜி' என்ற சொல்லை 1906இல் உருவாக்கியவர் வியன்னாவின் கிளெமென்ஸ் வொன் பிர்க்கே. உடம்பு எப்படி ஏமாறுகிறது என்பது 1966–67இல்தான் தெளிவானது. அமெரிக்காவில் வேலை செய்த ஜப்பானியத் தம்பதி இஷிசாக்காக்களும், சுவீடனின் ஜொஹான்சன், பென்னிச் ஆகியோரும் தனித்தனியே ஐஜிஈ என்ற எதிர்ப்புப் புரதத்தை அடையாளம் கண்டார்கள். மகரந்தம் கிருமி இல்லை, பாவம், பெண்பூவைத் தேடிப் போகிற ஒரு தூள். சிலரின் உடம்பு அதை எதிரி என்று பதிந்துவைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அது மூக்கில் பட்டதும் ஹிஸ்டமின் கொட்டுகிறது. தும்மல், அரிப்பு, கண்ணீர் எல்லாம் அதன் விளைவு. சிலருக்கு அது நெஞ்சுக்கும் இறங்கி இழுப்பாகிறது.

எந்தப் பூ, எந்த மரம்?

இப்போ விக்டோரியா பார்க் வாசலுக்குத் திரும்புவோம். கண்ணுக்கு அழகாக, வாசமாக, தேனோடு இருக்கிற பூ எதற்காக அப்படி இருக்கிறது? தேனீயை, குருவியைக் கூப்பிட. அதன் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் தூரம் போகாது. டேலியாவும் ரோஜாவும் முகத்தைப் புதைத்து மோந்து பார்த்தால் ஒழியப் பெரிய தொல்லை தராது. தொல்லை தருவது பூ மாதிரியே தெரியாத பூக்கள். காற்றை நம்பி வாழும் செடிக்கு நிறமும் வேண்டாம், வாசமும் வேண்டாம். லேசான தூளைக் கோடிக்கணக்கில் கொட்டினால் போதும். புல் அப்படிப்பட்டது. சைப்ரஸ் அப்படிப்பட்டது. கிரிப்டோமேரியாவும் அப்படித்தான்.

நம்ம மலையில் நிற்கிற மரங்களை வரிசையாகப் பார்ப்போம். தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்கிற சவுக்கு (தமிழ்நாட்டில் சவுக்கு என்றால் வேறு மரம், இதை அங்கே சில்வர் ஓக் என்பார்கள்) ஆரஞ்சு நிறத்தில் தேனோடு பூக்கும். குருவிகளுக்கான பூ அது. யூகலிப்டஸ், நம்ம வாயில் டர்பன்டைன், பூச்சிகளுக்கும் குருவிகளுக்கும் பூக்கிறது. வாட்டில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து நிற்பதால் பழியெல்லாம் அதன் தலையில்தான் விழும். அதன் சொந்த ஊரான ஆஸ்திரேலியாவிலும் அதே கதைதான். ஆனால் அங்கே பெரும்பாலான தும்மலுக்குக் காரணம், வாட்டிலின் காலடியில் யார் கண்ணிலும் படாமல் பூத்து நிற்கும் புல். 1970களுக்குப் பிறகு மானாப்புல் மலைகளில் பரவலாக நடப்பட்ட பைனஸ், தூளை மஞ்சள் மாவு மாதிரி கொட்டும். ஆனால் அந்தத் துகள் பெரியது, ஒவ்வாமை உண்டாக்கும் வலு அதற்குக் குறைவு. கண்ணுக்குத் தெரிகிற தூளை விட, தெரியாத தூள்தான் பல நேரம் மூக்கை அரிக்கிறது.

அப்படியென்றால் "ஊசி இலை மரம்" என்று சொன்ன கூட்டாளி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஊசி இலை மரம் எல்லாம் ஒன்று இல்லை என்பது மீதிப் பாதி.

மரம் நட்டு மாட்டிக்கொண்ட ஊர்கள்

மகரந்தத்தோடு மாட்டிக்கொண்ட ஊர்களின் கதை நமக்கு வேண்டும், ஏனென்றால் நாமும் மரம் நடுகிறவர்கள்.

ஜப்பானில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மொட்டையான மலைகளில் சுகி மரத்தை அரசே பெருமளவில் நட வைத்தது. சுகி என்பது வேறு எதுவும் இல்லை, ஹக்கலையில் நிற்கிற அதே கிரிப்டோமேரியாதான். வீடு கட்டப் பலகை வேண்டும், சீக்கிரம் வளரும். நல்ல யோசனை மாதிரித்தான் இருந்தது. பிறகு வெளிநாட்டுப் பலகை மலிவாக வந்தது, சுகியை வெட்ட ஆள் இல்லை. மரங்கள் முதிர்ந்து மகரந்தம் கொட்ட ஆரம்பித்தன. நிக்கோ பகுதியில் கண்ட சுகி ஒவ்வாமை பற்றி 1964இல் முதல் அறிக்கை வந்தது. காது மூக்கு தொண்டை வைத்தியர்கள் நாடு தழுவி எடுத்த கணக்கெடுப்பில் 1998இல் 16 சதவீதமாக இருந்த சுகி ஒவ்வாமை, 2019இல் 39 சதவீதத்தை நெருங்கியது. 30 ஆண்டுகளில் மகரந்தத்தைப் பாதியாக்குவது என்று 2023இல் ஜப்பான் அரசு திட்டம் அறிவித்தது. நட்டது ஒரு தலைமுறை, தும்முவது மூன்று தலைமுறை.

இஸ்லாமாபாத் கதை இன்னும் நேரானது. 1960களில் புதிய தலைநகரைச் சீக்கிரம் பச்சையாக்க வேண்டும் என்று காகித மல்பெரி மரத்தைக் கொண்டு வந்தார்கள். கேட்டபடியே சீக்கிரம் பச்சையானது. அதோடு மார்ச் மாதம் வந்தால் காற்றில் ஒரு கன மீற்றருக்கு 40,000 துகளையும் தாண்டுகிற அளவுக்கு மகரந்தம் ஏறியது. ஆஸ்துமாக்காரர்கள் அந்த வாரங்களில் ஊரை விட்டே போகிறார்கள். அங்கே வானிலைத் திணைக்களம் மகரந்த எண்ணிக்கையைத் தினமும் சொல்கிறது. அமெரிக்காவின் டூசான் நகரம் இருக்கும் பீமா கவுண்டியில் 1984இலேயே மகரந்தம் கொட்டும் ஒலிவ், மல்பெரி வகைகளை நடத் தடை போட்டார்கள். குஜராத்தில், சாலையோர அழகுக்காகப் பரவிய கொனோகார்ப்பஸ் மரத்தை இனி நடக்கூடாது என்று 2023இல் வனத்துறை உத்தரவிட்டது.

இந்த ஊர்களுக்குப் பொதுவானது ஒன்று: சீக்கிரம் வளர்கிற, வெளியூர்க்கார, ஒரே இன மரத்தைக் கூட்டமாக நட்டார்கள். ஆண், பெண் தனித்தனியாக உள்ள இனங்களில் காய் விழுந்து நடைபாதை அழுக்காகக் கூடாதென்று ஆண் மரத்தையே நட்டால் பிரச்சினை இன்னும் கூடும், ஏனென்றால் மகரந்தம் கொட்டுவது ஆண் மரம்தான். மரம் கெட்டதில்லை. எண்ணிக்கைதான் கெட்டது. ஹக்கலையில் நிற்கிற கொஞ்சம் கிரிப்டோமேரியாவையும் ஜப்பானின் 40 லட்சம் ஹெக்டேயருக்கும் மேலான சுகிக் காட்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் கோடரியைத் தூக்க வேண்டாம்.

கடல் தாண்டிப் போன நம்ம சொந்தங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2016 நவம்பர் 21 அன்று மெல்பேர்னில் இடியோடு வந்த ஒரு புயல், புல் மகரந்தத்தை நுண்துகளாக உடைத்து ஊர் மேல் கொட்டியது. சில மணி நேரங்களில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி வைத்தியசாலைகளுக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் இந்தியத் துணைக்கண்டத்தையும் ஆசியாவையும் சேர்ந்த வம்சாவளியினர் அவர்களுடைய மக்கள்தொகை விகிதத்தை விட அதிகமாக இருந்தார்கள். பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா இருப்பதாக யாரும் சொன்னதே இல்லை, வருஷா வருஷம் தும்மல் மட்டும்தான். "வெறும் தும்மல்தானே" என்று விட்டதன் விலை சில நேரம் அவ்வளவு பெரியது.

லயத்துக்குள்ளே இருக்கிற காற்று

தேடிப் போன எனக்கு உண்மையில் உறைத்தது இந்தக் கடைசிப் பகுதிதான்.

இலங்கைத் தேயிலையால் வரும் இருமல் பற்றிய பழைய மருத்துவக் குறிப்புகளில் ஒன்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் வேலை செய்த இத்தாலிய வைத்தியர் அல்டோ காஸ்டெல்லானியுடையது. யாருடைய இருமல் தெரியுமா? தேயிலை ருசி பார்ப்பவர்களுடையது. ஸ்டோருக்குள் சல்லடைக்குப் பக்கத்தில், கொழுந்தின் மெல்லிய பஞ்சுத்தூள் பறக்கும் இடத்தில் நாள் முழுக்க நிற்பவர்களின் மூச்சை ஆழமாக ஆராய 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேயிலைத் தூளால் வரும் ஆஸ்துமா பற்றி அந்த ஆண்டு எழுதிய இலங்கை நெஞ்சுநோய் வைத்தியர் சி.ஜி. உரகொட, 1980இல் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்கள் பற்றியும் ஆய்வு வெளியிட்டார். நூறு வருஷத்துக்கு மேல் இந்தத் தூளைச் சுவாசித்த பிறகு அது எழுத்தில் ஏறியது.

இன்னொன்று. ஜப்பானில் சுகி ஒவ்வாமை அறிக்கை வந்த அதே 1964இல், நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வூர்ஹோர்ஸ்ட்டும் அவருடைய குழுவினரும் வீட்டுத்தூசியில் எது ஒவ்வாமையைத் தருகிறது என்ற கேள்விக்குப் பதில் கண்டார்கள்: கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிற்றுண்ணி. அது எங்கே நன்றாக வளரும்? ஈரமான வீட்டில், பழைய மெத்தையில், தலையணையில், கம்பளியில். வெயில் எட்டாத லயத்து அறையை இதை விடச் சரியாக வர்ணிக்க முடியாது. அதோடு சுவரில் பூஞ்சணம், புகைபோக்கி இல்லாத விறகடுப்பு. பூங்கா மரத்தின் மகரந்தம் வருஷத்தில் சில வாரம்தான். இது 365 நாளும்.

வெள்ளைக்காரன் நல்ல காற்றுக்காக ஊர் கட்டினான், நாம அந்த ஊரிலேயே கெட்ட காற்றுக்குள்ள தூங்குறோம். நல்ல வீடு கேட்பது சுவருக்கும் கூரைக்கும் மட்டுமான கோரிக்கை இல்லை, அது மூச்சுக்கான கோரிக்கையும்தான்.

என் கூட்டாளி பிறகு ஒரு வைத்தியரிடம் போனான். அவர் முதலில் மருந்து எழுதவில்லை, கேள்விதான் கேட்டார். எந்த மாசம் கூடுது? வீட்டுக்குள்ளயா வெளியிலயா? விறகடுப்பா? சுவர் ஈரமா? மெத்தை எத்தனை வருஷம்? வீட்டில் வேறு யாருக்காவது இழுப்பு இருக்கா? அவனுக்கு முக்கால்வாசிக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. இப்போ ஒரு சின்னக் கொப்பியில் திகதி, இடம், காற்று, பக்கத்தில் என்ன பூத்திருக்கு, ராத்திரி எப்படித் தூங்கினேன் என்று எழுதி வருகிறான். நம்ம நாட்டு வானிலை அறிக்கையில் மகரந்தக் கணக்கு சொல்வதில்லை. பொஸ்டொக்கும் பிளாக்லியும் தொடங்கியதும் இப்படித் தன் உடம்பைத் தானே கவனித்துத்தான்.

இழுப்புக்கு பம்ப் எடுத்தான். "பம்ப் பழகிட்டா விட முடியாது", "பொண்ணு பார்க்க வர்றவங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்" என்று லயத்தில் ஆளாளுக்குச் சொன்னார்கள். நெஞ்சு இறுகும்போது பம்பை ஒளித்து வைப்பதுதான் ஆபத்து. அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியவர்கள் நாமதான்.

கடைசியா நம்ம இளைஞர் மன்றங்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த மரநடுகைக்கு முன்னால், கிடைக்கிற கன்றையெல்லாம் ஒரே வரிசையில் நடாமல், கொஞ்சம் கேட்டு நடுவோம். காற்றை நம்புகிற மரமா, தேனீயை நம்புகிற மரமா? இந்த மலையின் சொந்தக் காட்டிலேயே நாவல் இனங்கள், காட்டுச் செண்பகம், ஹோர்ட்டன் சமவெளியில் சிவப்பாய்ப் பூக்கும் ரோடோடென்ட்ரன் என்று தேனீக்கும் குருவிக்கும் பூக்கிற மரங்கள் இருக்கின்றன. பாடசாலை வாசலிலும் லயத்து முன்னாலும் அவற்றைக் கலந்து நடலாம். அறுபது வருஷம் கழித்து உடப்புசல்லாவை பஸ்ஸில் ஏறுகிற பிள்ளை, நாம நட்ட மரத்துக்குக் கீழே நின்று நல்லா மூச்சு விடணும்.